திரும்பிப் போக ஊர் இருந்ததா? வடசென்னைப் பஞ்சாலைத் தொழிலாளர், 1876–1921

வடசென்னையில் சாத்தாங்காட்டின் அருகே ஓடும் பக்கிங்காம் கால்வாயும் பெரம்பூரில் நின்ற பக்கிங்காம் ஆலையும் ஒரே பெயரைத் தாங்கியவை. பெயருக்கு அப்பாலும் அவற்றுக்கு உறவு உண்டு. ஆலை நிறுவப்பட்ட 1876ஆம் ஆண்டில்தான் தாது வருடப் பஞ்சமும் தொடங்கியது. கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் கால்வாய்ப் பகுதி, 1877–78இல் பஞ்ச நிவாரணக் கூலிகளால் வெட்டப்பட்டது. ஊரில் பிழைக்க வழியற்றுப் பட்டணம் வந்தவர்களின் வரலாறாக வடசென்னை ஆலைத் தொழிலைப் படிக்க இந்த உறவே தூண்டுகிறது.

பஞ்சம் கூட்டி வந்தவர்கள்

இராயபுரத்துக்கும் ஆற்காட்டுப் பகுதிக்கும் இடையே 1856 முதல் ரயில் ஓடியது. வடஆற்காடு, செங்கல்பட்டு மாவட்டங்களிலிருந்து ஆலைகளுக்கு ஆள் வந்தது. கர்னாடிக் ஆலை 1881இல் எழுந்தது. பின்னி நிறுவனம் நடத்திய இவ்விரு ஆலைகளும் 1920இல் ஒன்றாயின.

அமெரிக்காவின் லோவெல் நகரத்துக்கும் இப்படியொரு பஞ்சக் கதை உண்டு. 1820களில் அங்கே தறி ஓட்டியவர்கள் அக்கம்பக்கத்து விவசாயக் குடும்பப் பெண்கள். கூலி வெட்டை எதிர்த்து 1834இலும், கம்பெனி விடுதிக் கட்டண உயர்வை எதிர்த்து 1836இலும் அவர்கள் வேலையை நிறுத்தினார்கள். 1845இல் தொடங்கிய உருளைக்கிழங்குப் பஞ்சத்துக்குப் பிறகு அயர்லாந்துக்காரர்கள் ஆலைகளை நிறைத்தார்கள். அவர்களுக்கும் ஊருக்கும் நடுவே கடல் கிடந்தது. பெரம்பூர்த் தொழிலாளியின் ஊரோ ரயில் தூரத்தில் இருந்தது.

ஊரே வேலைநிறுத்த நிதி

அந்தத் தூரக் குறைவு வெறும் வசதியல்ல. சங்க நிதி வலுப்படாத காலத்தில், கூலி நின்றால் ஊரில் கஞ்சி கிடைக்கும் என்ற நம்பிக்கையே வேலைநிறுத்தத்தின் முதலாக இருந்தது. 1918 ஏப்ரல் 27 அன்று பி.பி. வாடியா தலைமையில் சென்னைத் தொழிலாளர் சங்கம் தோன்றியது. செல்வபதி செட்டியார், திரு.வி.க. ஆகியோர் உடன் நின்றார்கள். மதிய உணவுக்கு அரைமணி நேரம் போதவில்லை என்பது தொழிலாளரின் தொடக்கக் குறைகளில் ஒன்று. அதே ஆண்டில் கதவடைப்பு வந்தது. 1920 டிசம்பரில் துப்பாக்கிச் சூடு நடந்தது. வாடியாமீது நிர்வாகம் வழக்கு தொடுத்து உயர் நீதிமன்றத்தில் தடையுத்தரவு பெற்றது. தொழிற்சங்கங்களுக்குச் சட்டப் பாதுகாப்பு தேவை என்ற குரல் இதனால் வலுத்தது. 1926இல் தொழிற்சங்கச் சட்டம் வந்தது.

1921: ஊர் இல்லாதவர்கள்

ஆனால் எல்லோருக்கும் ஊர் ஒன்றுபோல் இருக்கவில்லை. 1921 ஜூனில் பெரும் வேலைநிறுத்தம் தொடங்கியபோது, ஆதிதிராவிடத் தொழிலாளரில் பெரும்பகுதியினர் வேலைக்குத் திரும்பினார்கள். நிர்வாகத்தின் ஆசைகாட்டலும் ஆதிதிராவிடத் தலைவர்களின் அறிவுரையும் காரணமாகச் சொல்லப்படுகின்றன. சாதி இந்துத் தொழிலாளர் சிலருக்கேனும் ஊரில் நிலமோ உறவோ இருந்தது; ஆதிதிராவிடருக்கு ஊர் என்பது நிலமற்ற சேரியும் பண்ணையாள் கடனுமே என்பதையும் அக்காரணங்களோடு சேர்க்க வேண்டும். பசி தாங்கும் கால அளவு இரு தரப்புக்கும் வேறாக இருந்தது.

இந்தப் பிளவு மோதலாகி, ஆலைகளை அடுத்த புளியந்தோப்பில் குடிசைகள் எரிந்தன. ஆகஸ்ட் 29 அன்று போலீஸ் சுட்டதில் உயிர்கள் போயின. அக்டோபரில் வேலைநிறுத்தம் தோல்வியில் முடிந்தது. அரசு ஆதிதிராவிடருக்குச் சலுகை காட்டியதாக நீதிக்கட்சித் தலைவர்கள் குற்றம் சாட்ட, கசந்துபோன ஆதிதிராவிடத் தலைவர் எம்.சி. ராஜா 1923இல் அக்கட்சியிலிருந்து விலகினார்.

மாசசூசெட்ஸின் லாரன்ஸ் நகரில் 1912இல் ஆலை வேலைநிறுத்தம் வேறு விதமாக நடந்தது. பல நாட்டுத் தொழிலாளர் கூடிய கூட்டங்களில் பேச்சுகள் மொழிமொழியாகப் பெயர்க்கப்பட்டன. வேலைநிறுத்தக் குழுவில் ஒவ்வோர் இனத்துக்கும் இடமிருந்தது. வேற்றுமையை மறைக்காமல் அமைப்புக்குள்ளேயே இடம் கொடுத்தது அவர்களின் பலம்.  பெரம்பூரிலோ சாதியைக் கடக்கும் ஏற்பாடு இருக்கவில்லை.

இன்றைய சாத்தாங்காடு

சாத்தாங்காட்டு இரும்புச் சந்தையை உள்ளிட்ட இந்தத் தொழிற்பகுதிக்கு இன்று பீகார், ஒடிசா, ஜார்க்கண்டிலிருந்து ஆட்கள் வருகிறார்கள். வெளிமாநிலத் தொழிலாளருக்கான சட்டம் 1979இலேயே வந்துவிட்டது. ஆயினும் 2020 ஊரடங்கில் வேலை நின்றதும் அவர்கள் தேடியது ஊருக்குப் போகும் ரயிலைத்தான். விலைவாசிக்கு ஈடாகத் தரும் தொகையைத் தமிழில் பஞ்சப்படி என்கிறோம். உண்மையான பஞ்சம் வந்த நாளில் அந்தப் படியை 1921இலும் 2020இலும் அளந்து போட்டது ஊர்தான். ஊர் இல்லாதவனுக்கு அதுவும் இல்லை.