மூன்று மணி நேரத் திருமணம், ஒரே டிவிடி: எவ்வளவு சுருக்கலாம்?

நம்மில் பலரது வீட்டு அலமாரியில் பழைய வீடியோ கேசட்டுகள் இன்னும் இருக்கின்றன. அக்காவின் திருமணம், தோட்டத்துக் கோயில் திருவிழா, தமிழ்ப்பள்ளி ஆண்டு விழா என்று முதுகில் பேனாவால் எழுதப்பட்டவை. அந்தத் தோட்டங்களில் பல இன்று வீடமைப்புப் பகுதிகளாகிவிட்டன. லயங்களையும் பழைய கோயிலையும் இனி அந்த நாடாவில்தான் பார்க்க முடியும்.

அவற்றை டிவிடிக்கு மாற்றும்போது பெரும்பாலோர் கேட்பது ஒன்றுதான்: "எல்லாவற்றையும் ஒரே தட்டில் போட முடியுமா?"

முடியும். ஆனால் நேரம் கூடக் கூடப் படத்தின் தெளிவு குறையும். எந்த அளவோடு நிறுத்திக்கொள்வது என்பதற்கு ஓர் எளிய கணக்கு உண்டு.

தட்டில் எவ்வளவு இடம்?

சாதாரண டிவிடியின் கொள்ளளவு 4.7 கிகாபைட். கணினி அதை ஏறக்குறைய 4.37 என்று காட்டும். இது கடைக்காரர் ஏமாற்றியது அல்ல. கணினி 1000க்குப் பதில் 1024 ஆல் எண்ணுவதால் வரும் வேறுபாடு. மினிடிவி கேமராவில் எடுத்த ஒரு மணி நேரப் பதிவுக்கே சுமார் 13 கிகாபைட் வேண்டும். ஆகவே சுருக்காமல் டிவிடியில் ஏற்ற வழியில்லை.

டிவிடி பயன்படுத்தும் சுருக்கமுறை எம்பெக்-2. நம் நாட்டில் வழங்கும் பால் முறையில் நொடிக்கு 25 படங்கள். எல்லாவற்றையும் முழுமையாகச் சேமிக்காமல், ஏறத்தாழ அரை நொடிக்கு ஒரு முழுப் படத்தை வைத்துக்கொண்டு, இடையில் மாறியவற்றை மட்டும் இந்த முறை குறித்துக்கொள்ளும். மணமக்கள் மணவறையில் அமர்ந்திருக்கும்போது மாற்றம் குறைவு. அட்சதை விழும்போதும் காவடி ஆடும்போதும் படம் முழுவதும் மாறுகிறது. இடம் போதாவிட்டால் அங்கேதான் முதலில் கட்டம் கட்டமாகத் தெரியும்.

600 கணக்கு

நொடிக்கு எத்தனை மெகாபிட் ஒதுக்குகிறோம் என்பதே படத்தின் தரத்தை முடிவு செய்கிறது. 600ஐ மொத்த நிமிடங்களால் வகுத்தால் அந்த எண் கிடைக்கும். மெனு போன்றவற்றுக்கான சிறு இடமும் இதில் கழிக்கப்பட்டுவிட்டது.

- 1 மணி நேரம்: 10. டிவிடியில் படத்திற்கான உச்ச வரம்பே 9.8 என்பதால் 8 வைத்தால் போதும்.
- 2 மணி நேரம்: 5. நல்ல தெளிவு.
- 3 மணி நேரம்: 3.3. கவனமாகச் செய்தால் ஏற்றுக்கொள்ளலாம்.
- 4 மணி நேரம்: 2.5. படத்தின் அகலத்தைக் குறைத்தால்தான் தேறும்.
- 6 மணி நேரம்: 1.7. முகங்கள் கரைந்துவிடும்.

இதிலிருந்து ஒலிக்கும் பங்கு போக வேண்டும். டால்பி டிஜிட்டல் ஒலிக்கு 0.2 போதும். சுருக்காத பிசிஎம் ஒலி 1.5ஐ எடுத்துக்கொள்ளும். மூன்று மணி நேரத் தட்டில் அது கிட்டத்தட்ட பாதி இடம்.

தெளிவைக் காக்கும் வழிகள்

முதலில் தேவையற்றதை வெட்டுங்கள். வெறும் நீலத் திரையும், கேமராவை நிறுத்த மறந்து தரையைப் பதிவு செய்த பகுதியும் இடத்தைத் தின்கின்றன.

மென்பொருளில் 'டூ-பாஸ்' என்ற தேர்வு இருந்தால் அதைப் பயன்படுத்துங்கள். முதல் சுற்றில் பதிவு முழுவதையும் ஆராய்ந்து, இரண்டாம் சுற்றில் அசைவு மிகுந்த காட்சிக்குக் கூடுதல் இடம் ஒதுக்கும். நேரம் அதிகமாகும், பலன் தெரியும்.

விஎச்எஸ் கேசட்டில் உள்ள விவரம் டிவிடியின் முழு அகலமான 720 புள்ளிகளை நிரப்பாது. நான்கு மணி நேரம் என்றால் 352×576 அளவைத் தேர்ந்தெடுக்கலாம். டிவிடி கருவிகள் இதையும் ஏற்கும்.

ஒருமுறை சுருக்கியதை மறுபடியும் சுருக்காதீர்கள். ஒவ்வொரு முறையும் கொஞ்சம் இழப்பு சேரும், இழந்தது திரும்பாது.

எங்கள் வீட்டில் நடந்தது

எங்கள் குடும்பத் திருமணப் பதிவு இரண்டு கேசட்டில் ஆறு மணி நேரம் இருந்தது. ஒரே தட்டில் வேண்டும் என்று நாங்களே கடையில் கேட்டோம். அப்படியே செய்து கொடுத்தார்கள். டிவிடி வந்துவிட்டதே என்று கேசட்டுகளைக் குப்பையில் போட்டோம். பாட்டி அட்சதை தூவும் காட்சியில் இன்று அவர் முகம் இருக்கும் இடத்தில் சதுரங்கள்தாம் தெரிகின்றன. மூன்று தட்டாகக் கேட்டிருந்தால் செலவு சில ரிங்கிட் கூடியிருக்கும்.

ஒரு தட்டில் அடங்காவிட்டால்

தாலி கட்டு ஒரு தட்டு, விருந்து ஒரு தட்டு என்று பிரியுங்கள். 8.5 கிகாபைட் கொண்ட இரட்டை அடுக்குத் தட்டும் உண்டு. சில பழைய கருவிகள் அதைப் படிக்கத் தடுமாறும் என்பதால் முதலில் ஒன்றைச் சோதித்துப் பாருங்கள்.

தொலைக்காட்சியில் யுஎஸ்பி துளை இருந்தால் எச்.264 முறையில் எம்பி4 கோப்பாக மாற்றிப் பென் டிரைவில் வைக்கலாம். எம்பெக்-2ஐ விட ஏறக்குறைய பாதி இடத்தில் அதே தெளிவு கிடைக்கும். ஆனால், ஃபேட்32 முறையில் அமைத்த பென் டிரைவ் 4 கிகாபைட்டை மீறிய கோப்பை ஏற்காது. எம்பி4 ஆக்க ஹேண்ட்பிரேக், டிவிடி உருவாக்க டிவிடி ஸ்டைலர் ஆகிய மென்பொருள்கள் இலவசம்.

மறக்கக் கூடாதவை

- சுருக்குவதற்கு முன்புள்ள மூலக் கோப்பைக் கடையில் கேட்டு வாங்கி, வன்தட்டில் வையுங்கள்.
- வீட்டில் எழுதும் டிவிடிகள் வெப்பத்திலும் வெயிலிலும் கெடும். காரில் விட்டுவைக்காதீர்கள். காகித லேபிள் ஒட்டாதீர்கள்.
- வெள்ளைப் பூஞ்சை படிந்த கேசட்டைக் கருவியில் போடாதீர்கள். பூஞ்சை கருவிக்குப் பரவி, அடுத்த கேசட்டையும் கெடுக்கும். முதலில் சுத்தம் செய்யக் கொடுங்கள்.
- டிவிடியை முழுவதும் ஓட்டிப் பார்த்த பிறகும் கேசட்டை வீசாதீர்கள்.

கடைக்குப் போகுமுன் எல்லாக் கேசட்டுகளின் நேரத்தையும் கூட்டி, 600ஐ அதனால் வகுத்துப் பாருங்கள். விடை மூன்றுக்குக் கீழே வந்தால், இரண்டு தட்டாகவே கேளுங்கள்.