மாங்கா

நங்கநல்லூரில் எங்கள் தெரு டீமில் எனக்கு பவுலிங் கிடையாது. கையை மடக்கி எறிவேன். பந்து வேகமாகத்தான் போகும், ஸ்டம்பில்கூட படும். ஆனால் எதிர் டீமில் யாராவது ஒருத்தன் கத்திவிடுவான்: "டேய், மாங்கா அடிக்கிறான்டா!" அதோடு சரி. மரத்தில் கல்லெறிந்து மாங்காய் அடிக்கிற மாதிரி பந்து போடுகிறவனுக்கு கிரிக்கெட்டில் இடமில்லை. மீனம்பாக்கத்தில் இறங்கும் விமானங்களை அண்ணாந்து பார்த்தபடி பவுண்டரியில் நின்றுதான் என் கிரிக்கெட் கழிந்தது.

அதே மாங்காவுக்கு அமெரிக்காவில் சம்பளம் கொடுக்கிறார்கள் என்று ரொம்ப வருஷம் கழித்துத்தான் தெரிந்தது. பேஸ்பாலில் பந்து வீசுகிறவரை பிட்சர் என்கிறார்கள். அவருடைய வேலையே முழங்கையை மடக்கி, சொடுக்கி எறிவது. அந்த வேலைக்கு இந்தியாவிலிருந்து போன ரிங்கு சிங் பற்றித்தான் இந்தக் கட்டுரை. தேடினால் ஐபிஎல்லில் கடைசி ஓவரில் ஐந்து சிக்ஸர் அடித்தவர்தான் முதலில் வருவார். இவர் வேறு. இவரும் உத்தரப் பிரதேசம்தான்: பதோஹி மாவட்டம், லாரி ஓட்டுநரின் மகன், ஒன்பது பிள்ளைகளில் ஒருவர், ஒரே அறை கொண்ட வீடு.

2008இல் ஜே. பி. பெர்ன்ஸ்டைன் என்கிற அமெரிக்க விளையாட்டு ஏஜெண்ட் இந்தியாவில் 'மில்லியன் டாலர் ஆர்ம்' என்று ஒரு போட்டி நடத்தினார். சீனாவுக்கு ஒரு யாவோ மிங் கிடைத்த மாதிரி இந்தியாவில் ஒருவன் கிடைத்தால் நூறு கோடி பேர் கொண்ட சந்தை திறந்துவிடும் என்பது கணக்கு. விளையாட்டு மேல் இருந்த காதல் என்றெல்லாம் நினைத்துக்கொள்ள வேண்டாம். கிரிக்கெட் பைத்தியம் பிடித்த தேசத்தில் பவுலர்கள்தான் ஜெயிப்பார்கள் என்று யாருமே நினைத்திருப்பார்கள். முதல் இரண்டு இடங்களைப் பிடித்தவர்கள் ஈட்டி எறிகிறவர்கள். இடது கை ரிங்கு மணிக்கு 87 மைல் வேகத்தில் எறிந்து 1 லட்சம் டாலர் வென்றார். இரண்டாவது, வாரணாசி பக்கத்து தினேஷ் படேல், வலது கை. யோசித்தால் இதில் ஆச்சரியமே இல்லை. முழங்கையை நீட்டாதே, நீட்டாதே என்று சின்ன வயதிலிருந்து பவுலரின் உடம்புக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறோம். ஈட்டிக்காரனிடம் அப்படி யாரும் சொன்னதில்லை.

இருவரும் அதுவரை பேஸ்பால் ஆடியதே இல்லை. லாஸ் ஏஞ்சலஸில் டாம் ஹவுஸ் என்ற முன்னாள் பிட்சரிடம் சில மாதப் பயிற்சி. நவம்பரில் அரிசோனாவில் அணிகளின் ஆட்களுக்கு முன்னால் எறிந்து காட்டினார்கள். 2008 நவம்பர் 24 அன்று பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் இருவரையும் ஒப்பந்தம் செய்தது. அமெரிக்கத் தொழில்முறை அணி ஒன்றில் ஒப்பந்தமான முதல் இந்திய விளையாட்டு வீரர்கள் இவர்கள்தான்.

2014இல் டிஸ்னி எடுத்த படம் ஏறக்குறைய இந்த இடத்தில் முடிந்துவிடுகிறது. இசை நம்ம ரஹ்மான். நானும் கண் கலங்கித்தான் பார்த்தேன். ஆனால் வேலை தொடங்குவதே இதற்கு அப்புறம்தானே?

பைரேட்ஸ் ஒப்பந்தம் என்றால் பைரேட்ஸில் ஆடலாம் என்று அர்த்தமில்லை. ஒவ்வொரு பெரிய அணிக்குக் கீழேயும் மைனர் லீக் அணிகள் படிக்கட்டு மாதிரி அடுக்கடுக்காக இருக்கும். அடிப்படியில் ரூக்கி லீக், உச்சியில் டிரிபிள்-ஏ. சின்ன ஊர்கள், இரவெல்லாம் பஸ் பயணம், அந்தக் காலத்தில் சீசன் நடக்கும் மாதங்களுக்கு மட்டும்தான் சொற்பச் சம்பளம். நம்ம ஊர் லீக்கில் ஐந்தாவது டிவிஷனில் ஆடுகிறவன் முதல் டிவிஷனைப் பார்த்துப் பெருமூச்சு விடுவானே, அதுதான். ஒரே வித்தியாசம், அவனுக்குப் பகலில் பேங்க் வேலையாவது இருக்கும்.

2009 ஜூலை 4 அன்று ஃபுளோரிடாவில் ரூக்கி லீக்கில் இருவரும் முதன்முதலாகக் களமிறங்கினார்கள். ஜூலை 13 அன்று ரிங்குவின் கணக்கில் ஒரு வெற்றி விழுந்தது. தினேஷை 2010 டிசம்பரில் அனுப்பிவிட்டார்கள். ரிங்கு நின்றார். 2012இல் வெஸ்ட் வர்ஜீனியா பவர் அணிக்காக 39 ஆட்டங்கள், 72 இன்னிங்ஸ், ஒன்பது இன்னிங்ஸுக்குச் சராசரியாக 3 ரன்தான் கொடுத்திருக்கிறார். நான்கு வருஷம் முன்பு பந்தையே பார்த்திராதவருக்கு இது சாதாரண எண் அல்ல. அமெரிக்கப் பையன்கள் ஐந்து வயதிலிருந்து அதைக் கையில் வைத்திருப்பவர்கள். மேலே இன்னும் மூன்று படிகள், அதற்கும் மேலே பிட்ஸ்பர்க்.

அப்போது கை போனது. 2013 முழுக்கக் காயத்தால் ஆடவில்லை. அடுத்த இரண்டு வருஷமும் அப்படியே. முழங்கையின் உட்புறம் ஒரு சின்ன தசைநார் இருக்கிறது. பிட்சர் பந்தைச் சொடுக்கும் ஒவ்வொரு முறையும் அது பிய்ந்துபோகிற அளவுக்கு இழுபடுகிறது. மனித உடம்பு மாங்கா அடிக்கும், சரி. ஒரு சீசனில் ஆயிரக்கணக்கான மாங்கா அடிக்க அது செய்யப்பட்டதல்ல. படம் தியேட்டருக்கு வந்தபோது நிஜ ரிங்கு காயத்தோடு உட்கார்ந்திருந்தார். 2012க்குப் பிறகு அவர் லீக் ஆட்டம் எதிலும் எறியவில்லை.

எனக்கு இங்கே வி. வி. குமார் ஞாபகம் வருகிறார். நம்ம மெட்ராஸ் லெக் ஸ்பின்னர். 1961இல் டெல்லியில் பாகிஸ்தானுக்கு எதிராக முதல் டெஸ்ட், முதல் இன்னிங்ஸிலேயே 64 ரன்னுக்கு 5 விக்கெட். அதே வருஷம் பம்பாயில் இன்னொரு டெஸ்ட், விக்கெட் இல்லை. அவ்வளவுதான், இரண்டே டெஸ்ட். அதற்கப்புறமும் பல வருஷம் மாநிலத்துக்காகப் போட்டுக்கொண்டே இருந்தார். முதல்தர விக்கெட்டுகள் 599. ஒரு விக்கெட்டுக்கு 20 ரன்கூட இல்லை. 600க்கு ஒன்று குறைவு என்பது என்னை உறுத்துகிற அளவுக்கு அவரை உறுத்தியிருக்குமா? அவருக்காவது கை இருந்தது, மறுநாள் போட ஒரு மேட்ச் இருந்தது.

2018இல் ரிங்கு டபிள்யூ.டபிள்யூ.இ. மல்யுத்தத்துக்குப் போனார். நெற்றியில் பட்டை, கழுத்தில் ருத்ராட்சம், 'வீர் மஹான்' என்று புதுப் பெயர். அங்கே அவரைத் தெரிந்தவர்கள், பவர் அணிக்கு அவர் எறிந்ததைப் பார்த்தவர்களைவிடப் பல மடங்கு.

போன வாரம் அக்கா பையனுக்கு ரிங்குவின் பழைய வீடியோ ஒன்றைக் காட்டினேன். வலது காலைத் தூக்கி, இடது கையைப் பின்னுக்கு மடக்கி, ஒரு சொடுக்கு. இரண்டு தரம் பார்த்துவிட்டுச் சொன்னான்: "மாமா, இது மாங்கா."