ரன்அவே டிரெயின்: காணாமல் போன பிள்ளைகளைத் தேடிய பாட்டு

ரன்அவே டிரெயின், அமெரிக்காவின் மினியாபோலிஸ் நகரைச் சேர்ந்த சோல் அசைலம் என்ற ராக் குழு 1993-இல் தனிப்பாடலாக வெளியிட்ட பாட்டு. எழுதிப் பாடியவர் குழுவின் முன்னணிப் பாடகர் டேவ் பிர்னர். பில்போர்ட் ஹாட் 100 பட்டியலில் 5-ஆம் இடத்துக்கும் பிரிட்டன் பட்டியலில் 7-ஆம் இடத்துக்கும் ஏறியது. 1994-இல் சிறந்த ராக் பாடலுக்கான கிராமி விருதைப் பிர்னருக்குப் பெற்றுத் தந்தது. ஆனால் முப்பது ஆண்டு கழித்தும் இந்தப் பாட்டைப் பற்றி எழுத வைப்பது அதன் வீடியோதான். அதில் நிஜமாகவே வீட்டை விட்டுக் காணாமல் போன பிள்ளைகளின் புகைப்படங்கள், பெயரோடும் ஆண்டோடும் வந்தன. பார்த்தவர்கள் போன் செய்தார்கள். சில பிள்ளைகள் கிடைத்தார்கள்.

குழுவுக்கு இந்தப் புகழ் மெதுவாகத்தான் வந்தது. 1981-இல் லவுட் ஃபாஸ்ட் ரூல்ஸ் என்ற பெயரில், பங்க் இசையின் வேகத்தில் தொடங்கியவர்கள். பிர்னரோடு கிட்டார் கலைஞர் டான் மர்ஃபியும் பேஸ் கிட்டார் வாசித்த கார்ல் முல்லரும் ஆரம்ப நாள் கூட்டாளிகள். உள்ளூர் நிறுவனமான டுவின்/டோனில் சில ஆல்பங்கள், பிறகு ஏ&எம் என்ற பெரிய நிறுவனத்தில் இரண்டு ஆல்பங்கள். பத்திரிகைகள் பாராட்டின, விற்பனை கைகொடுக்கவில்லை. ஏ&எம் கைவிட்ட பிறகு கொலம்பியா நிறுவனம் எடுத்துக்கொண்டது. மைக்கேல் பைன்ஹார்ன் தயாரிப்பில் 1992 அக்டோபரில் கிரேவ் டான்சர்ஸ் யூனியன் என்ற ஆல்பம் வெளிவந்தது. அதிலிருந்து முதலில் சம்படி டு ஷவ், அடுத்து பிளாக் கோல்டு, மூன்றாவதாகத்தான் ரன்அவே டிரெயின்.

பாட்டு பிறந்த இடம் ஒரு மனிதனின் தனி இருட்டு. பல வருடம் உரத்த மேடைகளில் நின்ற பிர்னருக்குக் காதில் ஓயாத இரைச்சல். செவித்திறன் போய்விடுமோ என்ற பயம். மின்சாரக் கிட்டாரை ஓரம் வைத்துவிட்டு அக்கூஸ்டிக் கிட்டாரோடு உட்கார்ந்த காலம் அது. மனச்சோர்வைப் பற்றிய பாட்டு இது என்று அவரே பின்னாளில் சொல்லியிருக்கிறார். தண்டவாளத்தில் பிடி இழந்து ஓடும் ரயில் அங்கே உவமை மட்டுமே. வீட்டை விட்டு ஓடிய பிள்ளை என்று யாரும் அந்த வரிகளில் இல்லை.

ஆனால் ஆங்கிலத்தில் ‘ரன்அவே’ என்ற சொல்லுக்கு இரண்டு முகம். கட்டுக்கடங்காமல் ஓடும் வண்டியையும் குறிக்கும். சொல்லாமல் கொள்ளாமல் வீட்டை விட்டுப் போன பிள்ளையையும் குறிக்கும். பாட்டு முதல் பொருளில் எழுதப்பட்டது, வீடியோ இரண்டாவது பொருளில் எடுக்கப்பட்டது. இரண்டும் ஒட்டிக்கொண்டது தற்செயல் என்று சொல்லிவிட முடியாது. போக்கிடம் தெரியாதவனின் குரல் அந்தப் பாட்டில் ஏற்கெனவே இருந்தது.

வீடியோவை இயக்கியவர் டோனி கே. விளம்பரப் படங்களில் பெயர் எடுத்த ஆங்கிலேயர். பிற்பாடு 1998-இல் அமெரிக்கன் ஹிஸ்டரி எக்ஸ் படத்தை இயக்கியவர். காணாமல் போன பிள்ளைகளின் படங்களைப் பொது இடத்தில் போட்டுத் தேடும் பழக்கம் அப்போது அமெரிக்கர்களுக்குப் புதிதில்லை. அயோவா மாநிலத்தின் டெ மொய்ன் பகுதியில் செய்தித்தாள் போடும் சிறுவர்கள் இருவர், 1982-இல் ஒருவரும் 1984-இல் இன்னொருவரும், காணாமல் போனார்கள். அவ்வூர்ப் பால் நிறுவனம் ஒன்று அவர்கள் படத்தைப் பால் அட்டைப்பெட்டியில் அச்சிட்டது. அது நாடெங்கும் பரவியது. காலை உணவு மேசையில் குழந்தைகளின் கண்ணெதிரே அந்தப் படங்கள் இருப்பது அவர்களை மிரட்டும் என்று குழந்தை மருத்துவர் பெஞ்சமின் ஸ்பாக் போன்றோர் எதிர்த்தார்கள். அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் வழக்கம் தேய்ந்துபோனது. பால் பெட்டி விட்ட இடத்தில் இசைத் தொலைக்காட்சியான எம்டிவி தொடர்ந்தது என்று சொல்லலாம். அதில் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. பால் பெட்டியைப் பார்த்தவர்கள் வீட்டில் இருந்த குடும்பத்தினர். எம்டிவி பார்த்தவர்கள் காணாமல் போனவர்களின் வயதுக்காரர்கள், சில நேரம் காணாமல் போனவர்களே.

வீடியோ ஒரு வாசகத்தோடு தொடங்குகிறது: அமெரிக்கத் தெருக்களில் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட இளையோர் தொலைந்து திரிகிறார்கள் என்று. குழு பாடும் காட்சிகளுக்கு நடுவே நடிகர்களை வைத்து எடுத்த துண்டுக் காட்சிகள் வருகின்றன. கிழவன் ஒருவன் மனைவியை அடிக்கிறான், சிறுவன் பார்த்துக்கொண்டு நிற்கிறான். பாலியல் தொழிலில் சிக்கிய இளம்பெண் ஒருத்தி வதைபடுகிறாள். கவனிப்பாரின்றி விட்ட தள்ளுவண்டியிலிருந்து ஒரு கைக்குழந்தை தூக்கிச் செல்லப்படுகிறது. பல்லவி வரும்போது கதை நின்றுவிடும். திரையில் ஒரு புகைப்படம், பெயர், எந்த ஆண்டிலிருந்து காணவில்லை என்ற குறிப்பு, ஒரு மூச்சு விடும் நேரம், அடுத்த முகம். நடிப்பும் நிஜமும் இப்படி மாறி மாறி வருவதால், முன்னே பார்த்த கற்பனைக் காட்சி பின்னே வரும் உண்மையான முகத்தின் மேல் படிந்துவிடுகிறது. கடைசியில் பிர்னர் நேராகக் கேமராவைப் பார்த்துப் பேசுகிறார்: இவர்களில் யாரையாவது பார்த்திருந்தாலும், இவர்களில் ஒருவராக நீங்களே இருந்தாலும், இந்த எண்ணுக்குக் கூப்பிடுங்கள் என்று.

ஒரே வீடியோ எல்லா ஊருக்கும் போகவில்லை. 1984-இல் தொடங்கப்பட்ட, காணாமல் போன, சுரண்டலுக்கு ஆளான குழந்தைகளுக்கான தேசிய மையத்தின் துணையோடு அமெரிக்காவுக்கே ஒன்றுக்கு மேற்பட்ட வடிவங்கள் தயாராயின. பிரிட்டனுக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் அந்தந்த நாட்டு முகங்களோடு தனித்தனி வடிவம்.

26 பேர் கிடைத்தார்கள் என்று டோனி கே சொல்லியிருக்கிறார். கிடைத்தது எல்லோருக்கும் நல்லதாக முடியவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். 2006-இல் ஒரு பேட்டியில் டான் மர்ஃபி இரண்டு சம்பவங்களை நினைவுகூர்ந்தார். வீடியோவின் இறுதியில் வரும் ஒரு சிறுமியின் தந்தையை அவர் சந்தித்திருக்கிறார், தீயணைப்பு வீரர். அந்தப் பெண் எங்கும் ஓடிப்போகவில்லை, தாயாலேயே கொல்லப்பட்டு வீட்டின் பின்புறம் புதைக்கப்பட்டிருந்தாள். இன்னொரு பெண் இசைப் பயணத்தின்போது குழுவினரிடம் வந்து, என் வாழ்க்கையையே நீங்கள் பாழாக்கிவிட்டீர்கள் என்று சிரித்துக்கொண்டே சொன்னாளாம். காதலன் வீட்டுத் தொலைக்காட்சியில் தன் படம் ஓடுவதை அவளே பார்த்திருக்கிறாள். அதன் விளைவாக, எந்த வீட்டிலிருந்து தப்பினாளோ அந்த வீட்டுக்கே திரும்ப வேண்டியதாயிற்று. படம் போட்டுத் தேடுவது பிள்ளையைக் கண்டுபிடிக்கும். ஏன் போனாள் என்று அது கேட்காது.

பிரிட்டன் வடிவத்தில் வந்த இரண்டு பெண்கள் 1991-இல் காணாமல் போனவர்கள், ஒருவர் ஸ்காட்லாந்திலும் மற்றவர் தென்கிழக்கு இங்கிலாந்திலும். 2007 நவம்பரில், மார்கேட் ஊரில் தொடர் கொலையாளி பீட்டர் டோபின் முன்பு குடியிருந்த வீட்டுத் தோட்டத்தைப் போலீசார் தோண்டியபோது இருவரின் உடல்களும் கிடைத்தன. வீடியோ ஒளிபரப்பான நாளிலேயே அவர்கள் உயிரோடு இல்லை. ஆஸ்திரேலிய வடிவத்தில் முதுகுப்பையோடு ஊர் சுற்றப் போய்த் திரும்பாத இளைஞர்களின் படங்கள் இருந்தன. தொடர் கொலையாளி இவான் மிலாட்டுக்குப் பலியாகியிருப்பார்களோ என்று உறவினர்கள் பின்னர் அஞ்சியவர்கள். பெலாங்லோ காட்டில் ஏழு பேரைக் கொன்றதாக மிலாட் 1996-இல் தண்டிக்கப்பட்டான்.

அதன்பின் சோல் அசைலம் இவ்வளவு பெரிய வெற்றியை மறுபடி காணவில்லை. கார்ல் முல்லர் 2005-இல் புற்றுநோயில் இறந்தார். டான் மர்ஃபி 2012-இல் விலகினார். பிர்னர் தொடர்ந்து பாடுகிறார்.

2019-இல் ஜேமி என் காமன்ஸ், ஸ்கைலர் கிரே, கேலன்ட் மூவரும் இதே பாட்டைப் புதிதாகப் பாடினார்கள். தேசிய மையத்தோடு சேர்ந்து எடுத்த அந்த வீடியோ, பார்ப்பவர் எந்தப் பகுதியில் இருக்கிறார் என்பதை இணையம் வழியே அறிந்து முகங்களை மாற்றிக்கொண்டது. சிகாகோவில் பார்ப்பவருக்கு அந்தப் பக்கத்துப் பிள்ளைகள், டெக்சஸில் பார்ப்பவருக்கு டெக்சஸ் பிள்ளைகள்.