டோபி காட்: துறையும் தெருவும்

சிங்கப்பூரின் டோபி காட், சலவைத் துறை என்று பொருள்படும் வட இந்தியச் சொற்களால் ஆன பெயர். வங்காளத்திலிருந்தும் சென்னை மாகாணத்திலிருந்தும் வந்த சலவைத் தொழிலாளர் அங்கு ஓடிய நீரோடையில் துணி வெளுத்து, அருகிருந்த திறந்தவெளியில் உலர்த்தினர். அந்நாளைய தமிழர் அவ்விடத்தை 'வண்ணான் தெரு' என்றே வழங்கினர். ஓடும் நீரும் வெயில் படும் நிலமும் வேண்டிய தொழில் ஊரின் விளிம்பையே நாடியது இயல்பேயாகும்.

அவ்விளிம்பு நெடுநாள் நிலைக்கவில்லை. 1822-இல் ராஃபிள்ஸ் வகுக்கச் செய்த நகரத் திட்டம் தெருக்களைச் செங்கோணத்தில் வெட்டும் கட்டங்களாக அமைத்தது. ஒரு வழி அடைபடின் மறுவழி உண்டென்பதே கட்டத் தெருக்களின் சிறப்பு. நகரம் வளர வளர, ஓடை ஸ்டாம்ஃபோர்டு கால்வாயாகி மறைந்தது. 1939-இல் கேத்தே திரையரங்கு திறக்கப்பட்டபோது டோபி காட் நகரின் நடுவிடமாகிவிட்டது. அங்கிருந்து செலிகி சாலை வழியே நடந்தால் சிராங்கூன் சாலை. அதன் கிளையான டன்லப் தெருவில் திரும்பினால் ஜாலான் புசார். கடைகள் செழித்ததற்கு இப்பின்னலும் ஒரு காரணம்.

1960-இல் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் தோன்றிய பின் புதுநகரங்கள் எழுந்தன. அமெரிக்கப் புறநகர்களைப்போல் இங்கு வீடுகள் சிதறவில்லை. அடுக்குமாடிகள் நெருங்கியே நிற்கின்றன. ஆயினும் தெருவின் இலக்கணம் மாறிற்று. அகன்ற சாலைகள் பேட்டைகளைச் சூழ, உட்சாலைகள் பல வாகன நிறுத்துமிடத்தோடு முடிந்தன. உலகின் பல நகரங்களிலும் புதிய தெருக்கள் இவ்வாறே பிணைப்புக் குன்றி வளர்ந்துள்ளன. ஆனால், வரைபடத்தில் முட்டுச் சந்தாகத் தோன்றுவது இங்கே நடப்போருக்கு முட்டுச் சந்தன்று. புளோக்குகளின் கீழ்த்தளம் திறந்திருப்பதால் ஊடே புகுந்து செல்லலாம். இதனைக் கருதாமல் சாலைச் சந்திப்புகளை மட்டும் எண்ணுவோர் பாதி நகரத்தையே காண்கின்றனர்.

பேட்டைக்குள் நடை போதும்; பேட்டைகளுக்கிடையே போதாது. அப்பணியைப் பேருந்தோடு ரயிலும் ஏற்றது. 1987-இல் டோபி காட்டில் பெருவிரைவு ரயில் நிலையம் திறக்கப்பட்டது. 2003-இல் வடகிழக்குத் தடம் வந்து, செங்காங், பொங்கோல் புதுநகரங்களை லிட்டில் இந்தியா வழியாக அதனோடு இணைத்தது. 2010-இல் வட்டத் தடமும் சேர்ந்தது. பொங்கோலில் வாழும் முதியவர் தீபாவளிச் சந்தைக்கு வர இன்று பெரிதும் நம்புவது தெருக்களையன்று, அத்தடத்தையே. டோபி காட்டில் தடம் மாறுவோர், சலவையாளர் துணி உலர்த்திய நிலத்தின் அடியிலேயே நடந்து, மேலே தெருவைக் காணாமலே அடுத்த வண்டியில் ஏறிச் செல்கின்றனர்.