அபின் பதிவேடும் வலிக் குறிப்பேடும்

1910ஆம் ஆண்டின் அபின் கட்டளைச் சட்டம், இலங்கையில் உரிமம் பெற்ற கடைகளில் நடந்துவந்த அபின் விற்பனையை ஒழித்து, விநியோகத்தை அரசின் கையில் எடுத்து, வழக்கமாக உட்கொள்வோர் எனப் பதிந்துகொண்டவர்களுக்கும் சுதேச வைத்தியர்களுக்கும் மட்டுமே அதனை வழங்க வகைசெய்தது. அந்நாளில் மட்டக்களப்பு மாவட்டத்தில் அடங்கியிருந்த கல்முனைக் கரைக்கும் இதுவே சட்டமாயிற்று. கல்முனை இன்று அடங்கியுள்ள அம்பாறை தனி மாவட்டமானது 1961இல்தான்.

அளவைக் கட்டுப்படுத்துவதற்கென உட்கொள்வோரைப் பதிந்த இத்தகைய ஏடு, ஒருவர் எந்த நாளில் எந்த நோவுக்காக அபினை நாடினார் என்பதைச் சொல்லக்கூடியதன்று. யூனானியும் சித்தமும் அபினை வலிநீக்கியாக அறிந்திருந்தன. கரைவலைக் கயிற்றில் உடற்பாரம் முழுவதையும் சாய்த்துப் பின்னோக்கி நடந்தவர்களும், வெள்ளாமை வெட்டக் குனிந்தவர்களும், மருதமுனைத் தறிகளில் நாள்முழுதும் மிதித்தவர்களும் வாழ்ந்த இக்கரையில் நாரி வலியும் கைகால் உளைவும் உழைப்போடு ஒட்டியே வந்தவை. ஆதலால் வலியை விட்டுவிட்டுப் பாவனையை மட்டும் எண்ணுவது பாதி வரலாறே ஆகும்.

ஆனால் வலியைப் பதிவதும் எளிதன்று. மூன்று மாதங்களுக்கு மேல் நீடிக்கும் நாட்பட்ட வலியை நினைவிலிருந்து மதிப்பிடும்போது, அண்மைய நாட்களின் வேதனையே முழு மாதத்தின் வேதனையாகத் தோன்றிவிடுகிறது. இக்குறையை நீக்க, நிகழும் கணத்திலேயே பதியும் முறையை ஆர்தர் ஸ்டோனும் சோல் ஷிப்மனும் 1994இல் வகுத்துரைத்தனர். 2002இல் பிரித்தானிய மருத்துவ இதழில் வெளியான ஸ்டோன் குழுவினரின் ஆய்வு இவ்வரலாற்றில் ஒரு திருப்பம்: நாட்பட்ட வலியுள்ள 80 பேரில் ஒரு பகுதியினருக்கு, ஒளியுணர்கருவி மறைத்துவைக்கப்பட்ட காகிதக் குறிப்பேடுகள் வழங்கப்பட்டன, உரிய நேரத்தில் எழுதியதாக அவர்கள் காட்டிய பதிவுகள் 90 விழுக்காடு, உண்மையில் அவ்வாறு எழுதப்பட்டவையோ 11 விழுக்காடு. மின்னணுக் குறிப்பேடு பெற்றோரிடம் உரிய நேரப் பதிவு 94 விழுக்காடாயிற்று. காகிதக் குறிப்பேட்டின் இவ்விடைவெளியை நோயாளரின் நேர்மைக்குறைவாகக் கொள்வது அநியாயம். வலியில் கிடப்பவருக்கு எழுதுவதே சுமை.

கல்முனைக் கரையில் இம்முறையைக் கையாள்வோர் அங்கு வாழும் முஸ்லிம்களின் நாளொழுங்கை அறிந்திருத்தல் வேண்டும். நோன்பு மாதத்தில் மாத்திரையும் பீடியும் வெற்றிலையும் பகலில் விலக்கப்பட்டு, நோன்பு திறந்தபின் ஒருங்கே திரும்புவதால், ஏனைய மாதங்களின் கணக்கு அங்கே பொருந்தாது. ஐந்து வக்துத் தொழுகை, பதிவுக்கு இயல்பாகவே வாய்த்த நேரக்குறி. சுஜூதில் முழங்கால் மடங்கியதா, கதிரையில் அமர்ந்து தொழ நேர்ந்ததா என்ற கேள்விக்குக் கிடைக்கும் விடை, பத்துக்கு எத்தனை வலி என்ற கேள்வியினும் தெளிவானது. அன்றைய அபினைப் போலவே, நரம்பு வலிக்கென வந்த பிரிகாபலின் மாத்திரை இன்று போதைக்காகவும் விழுங்கப்படுகையில், பிடிபட்ட மாத்திரைகளை எண்ணுவதோடு நின்றுவிடாமல், அவற்றை நாடியவரின் அன்றைய வலியையும் அதே பக்கத்தில் பதிய மருத்துவமனைகளும் பல்கலைக்கழகங்களும் முன்வர வேண்டும்.