மீண்டெழுந்த கொல்லுலை

வெள்ளிக்கிழமை பொழுது சாயும் வேளையில், அமெரிக்க நாட்டின் காட்டோரப் பாசறைத் திடல் ஒன்றினுள் வண்டிகள் ஒவ்வொன்றாய் வந்து சேர்கின்றன. கூடாரமடித்துத் தங்கவும் மீன் பிடிக்கவும் மலையேறவும் மக்கள் வழக்கமாக நாடும் இடம் அது. ஆயின் இம்முறை வருவோரின் வண்டிகளிலிருந்து இறங்குவன தூண்டிலும் படகுமல்ல. நூறு கிலோ எடையுள்ள பட்டடைக்கல்லை இருவர் சேர்ந்து தூக்கி மரக்குற்றியொன்றின் மேல் அமர்த்துகின்றனர். நிலக்கரி உலையைச் சிலரும், வாயுவினால் எரியும் சிறிய உலையைச் சிலரும் மரநிழலில் நிறுத்துகின்றனர். குறடுகளும் சம்மட்டிகளும் புல்லின் மேல் வரிசையாய்க் கிடக்கின்றன. சனிக்கிழமை விடிந்ததும் காடெங்கும் இரும்படிக்கும் ஓசை எழும். ஞாயிறு மாலை வரை அது ஓயாது.

இக்கூட்டங்களை 'ஹாமர் இன்' என்று அந்நாட்டார் வழங்குவர். அங்கு கூடுவோருள் கொல்லுத் தொழிலால் வாழ்க்கை நடத்துவோர் சிலரே. பள்ளியாசிரியர், பொறியியலாளர், மருத்துவர், ஓய்வு பெற்ற போர்வீரர், தந்தையுடன் வந்த சிறுவன் என்று பலதிறத்தாரும் கரிபடிந்த முகத்துடன் ஓருலையைச் சுற்றி நிற்பர். கைதேர்ந்த ஒருவர் கத்தியொன்றை அடித்துக் காட்டுவார். கேட்ட வினாவுக்கெல்லாம் விடை சொல்வார். எந்த உருக்கு, எவ்வளவு சூடு, எந்த எண்ணெயில் தோய்ச்சல் என்பவற்றுள் ஒன்றையும் மறைக்கமாட்டார். இப்பழக்கம் இன்று இயல்பானதாகத் தோன்றுகின்றது. கொல்லர் தொழிலின் நெடிய வரலாற்றைப் பார்ப்போர்க்கோ, இது பெரும் மாறுதல் என்பது விளங்கும்.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்காவிலே கம்மாலை இல்லாத ஊர் அரிது. குதிரைக்கு இலாடமும், வண்டிச் சில்லுக்குப் பட்டையும், ஏருக்குக் கொழுவும், கதவுக்குக் கீலும் அங்கேதான் பிறந்தன. 1908இல் ஃபோர்ட் நிறுவனத்தாரின் 'டி' வகை மோட்டார் வண்டி வெளிவந்தது. பின்னர் உழவு யந்திரமும் வந்தது. குதிரை அகன்றது, குதிரையைப் பின்பற்றிக் கொல்லனும் அகன்றான். கத்தியோவெனில் அதற்கு முன்னரே ஷெஃபீல்டு, சோலிங்கன் ஆகிய நகரங்களின் தொழிற்சாலைகளிலிருந்து கப்பலேறி மலிவாக வந்துகொண்டிருந்தது. 1950களில் கையால் கத்தி செய்தோரும் பெரும்பாலும் ஆலையிற் பிறந்த உருக்குப் பட்டத்தை வாங்கி, சாணையில் தேய்த்து வடிவமைத்தவர்களேயன்றி, உலையிலிட்டு அடித்தவர்களல்லர். தேய்த்துச் செய்யும் முறை தாழ்ந்ததென்று கொள்ளலாகாது; சிறந்த கத்திகள் பல அம்முறையிலேயே செய்யப்பட்டன. ஆனால் சம்மட்டியும் உலையும் அறிந்த கை அருகிவிட்டது.

அருகியதற்கு யந்திரத்தை மாத்திரம் குறைகூறுதல் பொருந்தாது. கொல்லரும் ஒரு பங்கு பொறுப்பாளிகளே. தொழில் நுணுக்கத்தை மகனுக்கோ பல்லாண்டு பணிசெய்த மாணாக்கனுக்கோ அன்றிப் பிறர்க்கு உரையாமை பல நாட்டிலும் வழக்கமாய் இருந்தது. பதினெட்டாம் நூற்றாண்டில் ஷெஃபீல்டில் மூசையிலிட்டு உருக்கு வார்க்கும் முறையைக் கண்ட பெஞ்சமின் ஹன்ஸ்மன் அதனை வெளியிடாது காத்தார் என்பதும், குளிரால் நடுங்கும் இரவலன் போல் வேடமிட்டு உலைக்களத்துள் நுழைந்த போட்டியாளர் ஒருவர் அதனைக் களவாகக் கண்டறிந்தார் என்பதும் அவ்வூரில் வழங்கும் கதை. கதை மெய்யோ பொய்யோ, அக்காலத் தொழிலாளரின் மனப்பாங்கு அதிற் புலனாகின்றது. மறைத்து வைத்தவன் வாழும்வரை அவனுக்கு அது செல்வம். அவன் வாரிசின்றி மாண்டால் அறிவும் உடன் மாளும்.

மாற்றம் 1969இல் தொடங்கியது எனலாம். அவ்வாண்டு அலெக்ஸ் பீலர் என்னும் அட்லாண்டா நகரத்தவர், கொல்லர் கலையைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். அவர் பிறப்பாலோ பிழைப்பாலோ கொல்லர் அல்லர். முதிய கொல்லரைத் தேடிச் சென்று கேட்டும் பார்த்தும் அறிந்தவற்றைப் படங்களோடு எழுதிவைத்தார். அடுத்த ஆண்டு இல்லினோய் மாநிலத்துக் கார்பண்டேல் பல்கலைக்கழகத்தில், உலோகக்கலை கற்பித்த பிரென்ட் கிங்டன் ஒரு கொல்லுப் பயிற்சி முகாமை நடத்தினார். 1973இல் ஜோர்ஜியா மாநிலத்து லம்ப்கின் என்னும் சிற்றூரில் முப்பதுக்கும் குறைவானோர் கூடி, வட அமெரிக்கக் கலைக்கொல்லர் சங்கத்தை நிறுவினர். பரந்ததொரு தேசத்தின் சங்கத்திற்கு அத்தனைபேரே வந்தனர் என்பது, அக்கலை எந்நிலைக்குத் தாழ்ந்திருந்தது என்பதைக் காட்டும்.

அச்சங்கத்தாருக்கு வழிகாட்டியாய் அமைந்த முதியோருள் பிரான்சிஸ் விட்டேக்கர் குறிப்பிடத்தக்கவர். 1906இல் பிறந்த அவர், இளமையிற் பிலடெல்பியாவில் சாமுவேல் யெலினிடமும், பின்னர் பெர்லினில் யூலியஸ் ஷ்ராமிடமும் தொழில் பயின்றவர். தான் கற்றதைத் தன்னுடன் மண்ணுக்குக் கொண்டு செல்லலாகாது என்னும் உறுதி அவருக்கிருந்தது. முதுமையிலும் கொலராடோ மாநிலப் பள்ளியொன்றில் மாணாக்கருக்குச் சம்மட்டி பிடிக்கக் கற்பித்தார். 1997இல் நாட்டின் மரபுக்கலைஞர்க்குரிய உயர் விருது அவருக்கு அளிக்கப்பட்டது. ஈராண்டின் பின் காலமானார்.

கத்தித் தொழிலிலே இதற்கு நிகராகச் செயற்பட்டவர் வில்லியம் மோரன். 1925இல் மேரிலாந்து மாநிலத்தில் ஒரு பாற்பண்ணைக் குடும்பத்திற் பிறந்தவர். சிறுவயதிலேயே பண்ணைப் பட்டறையில் கத்தியடிக்கத் தொடங்கி, பின்னர் அதனையே முழுநேரத் தொழிலாக்கிக் கொண்டார். அக்காலத்தில் அமெரிக்காவில் உலையிலிட்டுக் கத்தியடிப்போர் விரல்விட்டு எண்ணத்தக்க சிலரே. அலைபோன்ற வரிகளோடு கூடிய பழைய 'தமாஸ்கஸ்' வாள்களை நூல்களிலும் காட்சிச்சாலைகளிலும் கண்ட மோரன், அத்தகைய அலகைத் தாமே செய்ய முனைந்தார். கற்பிக்க ஒருவரும் அருகில் இல்லை. ஒட்டியதாக எண்ணிய அடுக்குகள் மறுசூட்டில் விரிந்து பிரிந்தன. செய்ததைத் தூரவீசி மீண்டும் தொடங்கினார்.

1973இல் கன்சாஸ் நகரில் நடந்த கத்தி செய்வோர் சங்கக் கண்காட்சியில் அவர் தமாஸ்கஸ் கத்திகள் சிலவற்றை வைத்தார். பார்த்தோர் வியந்தனர். ஆனால் வரலாற்றில் நிலைத்தது அக்கத்திகளிலும் பார்க்க அவற்றுடன் அவர் வழங்கிய சிறு கையேடே. தாம் அவற்றைச் செய்த முறையைப் படிப்படியாக எழுதி அச்சிட்டு, கேட்டவர்க்கெல்லாம் விலையின்றிக் கொடுத்தார். பல்லாண்டு முயன்று பெற்ற நுணுக்கம் அது. வைத்திருந்தால் வாழ்நாள் முழுவதும் போட்டியின்றி விற்றிருக்கலாம். போட்டியாளரின் கையிலேயே அதனைக் கொடுத்த செயல் அறச்செயல் என்பதோடு அறிவுள்ள செயலுமாகும். ஒருவர் மாத்திரம் செய்யும் பொருளை வேடிக்கையென்றே உலகம் கொள்ளும், பலர் செய்தாலன்றோ அது தொழிலாகும்.

அம்முறை வருமாறு. கரியம் மிகுந்த உருக்கையும், நிக்கல் கலந்த உருக்கையும் போன்ற இருவகைத் தகடுகளை மாறிமாறி அடுக்கிக் கட்டுவர். செஞ்சூட்டில் அதன் மேல் வெண்காரம் தூவினால், அது உருகி மேற்பரப்பின் துருவைக் கரைத்து, காற்றுப் புகாவண்ணம் மூடும். பின்னர் வெண்மையை அணுகும் மஞ்சட் சூட்டிற்கு ஏற்றி, மென்மையாக ஆனால் விரைவாக அடிக்கத் தகடுகள் ஒன்றாய்ப் பற்றிக்கொள்ளும். சூடு சற்றுக் குறையின் ஒட்டாது. சற்று மிகின் உருக்கு பொறிவிட்டு எரியும். ஒட்டிய கட்டியை நீட்டி, நடுவில் வெட்டி, மடித்து மீண்டும் ஒட்டுவர். ஏழு அடுக்கில் தொடங்கினால் ஒரு மடிப்பில் 14, மறுமடிப்பில் 28 என்று இரட்டித்து, ஆறாம் மடிப்பில் 448 அடுக்காகும். கத்தி முடிந்தபின் அமிலத்தில் தோய்க்க, ஒருவகை உருக்கு கறுக்கும்; நிக்கல் உள்ளது ஒளிவிடும். நீரோட்டம் போன்ற வரிகள் அப்போதுதான் வெளிப்படும்.

இம்முறையை உலகுக்கே மோரன் மீட்டுத் தந்தார் என்று எழுதுவோர் உளர். அது மிகைக்கூற்று. ஐரோப்பாவில் துப்பாக்கிக் குழல்கள் இவ்வாறு பல காலம் செய்யப்பட்டன. அங்கு அறிவு முற்றாக அற்றுப்போகவில்லை. அமெரிக்கக் கத்தி செய்வோர்க்கு அதனைத் திறந்துவிட்டவர் அவர் என்று சொல்வதே சரி.

1976ஆம் ஆண்டின் இறுதியில் மோரனும் தோழர் மூவரும் அமெரிக்க வாட்கொல்லர் கழகத்தை நிறுவினர். அக்கழகம் வைத்த தேர்வு கடுமையானது. தேர்வுக்கு வருபவர் தாம் அடித்த கத்தியால் தொங்கும் ஓர் அங்குலக் கயிற்றை ஒரே வீச்சில் துணிக்க வேண்டும். தடித்த மரச்சட்டத்தை இருமுறை வெட்டிப் பிளக்க வேண்டும். அதன்பின்னும் அதே வாய் முன்கை மயிரை மழிக்கும் கூர்மையோடிருக்க வேண்டும். ஈற்றில் கத்தியை இடுக்கியிற் பூட்டித் தொண்ணூறு பாகைக்கு வளைப்பர், முறியலாகாது. வாய் கடினமாயும் முதுகு இளக்கமாயும் தோய்ச்சல் இட்டாலன்றி இது கைகூடாது. முதுநிலைக் கொல்லன் என்னும் பட்டம் வேண்டுவோர் குறைந்தது 300 அடுக்குள்ள தமாஸ்கஸ் அலகால் இச்சோதனைகளைத் தாண்ட வேண்டும். பல நாள் உழைப்பில் உருவான கத்தி அந்தச் சோதனையிலேயே அழியும். 1988இல் ஆர்க்கன்சோ மாநிலத்து வாஷிங்டன் என்னும் பழைய ஊரில் கழகத்தின் பள்ளி திறக்கப்பட்டது. ஜேம்ஸ் பிளக் என்ற கொல்லர் புகழ்பெற்ற போவி கத்தியை அடித்ததாக மரபு கூறும் ஊர் அதுவே. கூடாரமும் உலையுமாய் வார இறுதிக் கூட்டங்கள் நாடெங்கும் பரவியது இக்கழகத்தாலும் கலைக்கொல்லர் சங்கத்தின் கிளைகளாலுமே.

இனி, தமாஸ்கஸ் என்ற பெயரில் ஒரு மயக்கம் உண்டு. மோரன் செய்தது அடுக்கொட்டு உருக்கு. பழைய கீழ்நாட்டு வாள்களிற் பல அவ்வாறு ஒட்டப்பட்டவையல்ல. மூசையில் உருகியுறைந்த ஒரே கட்டியிலிருந்து அடிக்கப்பட்டவை. அக்கட்டி பெரும்பாலும் தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் பிறந்தது. ஒன்பதாம் நூற்றாண்டின் அரபு அறிஞர் அல்கிந்தி, வாள்வகைகளைக் கூறுமிடத்துச் சரந்தீபு எனப்பட்ட இலங்கையின் உருக்கையும் குறிப்பிட்டார். சேலம் பகுதியில் இரும்பை ஆவாரங்கட்டையோடு மூசையிலிட்டு எருக்கிலையால் மூடி உருக்கியதை 19ஆம் நூற்றாண்டு ஆங்கிலேயர் எழுதிவைத்தனர். 'வூட்ஸ்' என்று அவர்கள் அழைத்த அவ்வுருக்கை 1819இல் மைக்கல் பரடேயும் ஆராய்ந்தார். தொழிலோ, இங்கிலாந்தின் இறக்குமதி உருக்கினால் நலிந்தது. இலங்கையில் கனிப்பொருள் அளவையின் தலைவராய் இருந்த ஆனந்த குமாரசுவாமி, அருகிப்போன அத்தொழிலை முதியோர் செய்துகாட்டக் கண்டு, 1908இல் வெளியிட்ட தம் நூலிற் பதிந்தார்.

அவ்வாறு நின்றுபோனதை மீட்கும் முயற்சியிலும் ஒரு கொல்லன் உளன். புளோரிடா மாநிலத்தில் குதிரைகட்கு இலாடமடித்து வாழ்ந்த ஆல்பிரட் பென்ட்ரே, தம் பட்டறையில் மூசையுருக்குச் செய்து பார்க்கலானார். ஐயோவா மாநிலப் பல்கலைக்கழகத்து உலோகவியற் பேராசிரியர் ஜோன் வெர்ஹோவன் அவருடன் சேர்ந்தார். ஒருவர் அடிப்பார், மற்றவர் நுணுக்குக்காட்டியில் ஆராய்வார். பழைய வாள்களின் வரிகட்கு வனேடியம் போன்ற மாசுகள் மிகச்சிறு அளவில் இரும்பில் இருந்தமையே காரணம் என்று 1998இல் முடிவு வெளியிட்டனர். மீண்டும் மீண்டும் சூடேற்றி அடிக்க, கடினமான நுண்மணிகள் வரிசையாய்த் திரளும். அத்தகைய தாது தீர்ந்த இடத்து, முறையை வழுவாது செய்த கொல்லனுக்கும் வரி வாய்த்திராது. ஏன் வாய்க்கவில்லை என்பதும் அவனுக்கு விளங்கியிராது. அவர்கள் செய்முறையையும் மறைக்காமல் வெளியிட்டனர்.

பாசறைத் திடலில் சனிக்கிழமை இரவு ஒரு வழக்கம் உண்டு. 'தொப்பியில் இரும்பு' என்று அதற்குப் பெயர். வந்தோர் ஒவ்வொருவரும் தம்மிடமுள்ள ஏதேனும் ஒன்றை மேசையில் வைப்பர்: பழைய அரம், தாம் செய்த குறடு, கைப்பிடிக்கேற்ற மரத்துண்டு. சீட்டு விற்றுக் குலுக்கி எடுத்து, சேர்ந்த பணத்தை அடுத்த கூட்டத்தின் கரிக்கும் பிற செலவுக்கும் வைப்பர். மறுநாட் காலை, மூசையுருக்கில் ஈடுபாடுடையோர் சிலர் தனியாய் ஓர் உலை மூட்டுவர். இரும்புத் துண்டும் கரியும் கண்ணாடித் தூளும் இட்ட மூசையின் மேல் பச்சிலை சிலவற்றைப் போட்டு மூடுவர். எருக்கு அங்கே வளர்வதில்லை. திடலோரத்து மரத்தில் எட்டிப் பறித்த இலையே அதற்குப் போதும்.