மான் தோட்டத்துக்குள் வராமல் தடுக்க உயிர்வேலி: எந்தச் செடி, எப்படி நடுவது?

மலையடிவாரத்தில் தோட்டம் வைத்திருப்பவர்களுக்கு நன்றாகவே தெரியும். இரவில் புள்ளிமான் கூட்டம் ஒன்று புகுந்தால் போதும், காலையில் அவரையும் நிலக்கடலையும் மொட்டையாகத்தான் நிற்கும். கம்பி வேலிக்குச் செலவு அதிகம். அதனால்தான் நம்ம ஊர் பழைய வழியான உயிர்வேலி மீண்டும் பேசப்படுகிறது.

மான் எப்படி உள்ளே வருகிறது?

பலரும் வேலியின் உயரத்தைத்தான் பார்க்கிறார்கள். புள்ளிமானால் சுமார் 5 அடி உயரத்தைத் தாண்ட முடியும் என்பது உண்மைதான். ஆனால் தாண்டுவதைவிட, கீழே சந்து இருந்தால் குனிந்து நுழைவதையே அது விரும்பும். அதனால் உயரத்தோடு அடிப்பக்க அடர்த்தியும் முக்கியம்.

எந்தச் செடிகளை வைக்கலாம்?

* முள்கிளுவை: காங்கேயம் பகுதி கொறங்காடுகளைச் சுற்றி இருப்பது இதுதான். போத்து வெட்டி நட்டாலே பிடித்துக்கொள்ளும், வறட்சியைத் தாங்கும். கோடையில் இலை உதிர்ந்தாலும் முள் நிற்கும்.
* களாக்காய்: கூர்மையான முள், ஆண்டு முழுக்கப் பசுமை. காய் ஊறுகாய்க்கு ஆகும்.
* கொடுக்காப்புளி: வேகமாக வளரும். கவாத்து செய்யாவிட்டால் மரமாகிவிடும்.
* ஆடாதோடை, நொச்சி: முள் கிடையாது. ஆனால் ஆடு மாடுகள் கூட பெரும்பாலும் வாய் வைக்காது. முள்செடிகளுக்கு இடையே சந்தை அடைக்க உதவும்.

சீமைக்கருவேலம், உன்னிச்செடி இரண்டும் வேண்டவே வேண்டாம். வேலியைத் தாண்டி நிலம் முழுக்கப் பரவிவிடும்.

எப்படி நடுவது?

மழைக்காலத் தொடக்கத்தில் நடுங்கள். ஒரே வரிசை போதாது. இரண்டு வரிசையாக, முதல் வரிசையின் இடைவெளிக்கு நேராக இரண்டாவது வரிசைச் செடி வரும்படி வையுங்கள். முழங்கால் உயரம் வந்ததும் நுனியைக் கிள்ளிவிட வேண்டும். அப்போதுதான் அடியிலிருந்தே கிளை வெடிக்கும். 'வளரட்டுமே' என்று விட்டால் மேலே அடர்ந்து, கீழே வாசல் திறந்துவிடும்.

வேலி கெட்டிப்பட 2, 3 ஆண்டுகள் ஆகலாம். அதுவரை அடியில் காய்ந்த முள்ளைக் கட்டி அடைப்பு போடுங்கள்.

முழுப் பாதுகாப்பு கிடைக்குமா?

கிடைக்காது. கடும் வறட்சியில் பசித்த மான் கசப்பு இலையைக்கூட கடிக்கும். யானையை இந்த வேலி தடுக்காது. வழக்கமாக யானை நடக்கும் பாதையை அடைக்கவும் கூடாது.

இதைச் செய்யாதீர்கள்

ஆத்திரத்தில் சிலர் கம்பியில் நேரடியாக மின்சாரம் பாய்ச்சுகிறார்கள். அதில் மான் மட்டும் சாவதில்லை, இருட்டில் தண்ணீர் பாய்ச்சப் போகும் வீட்டு ஆளும் சிக்குவார். மானைக் கொல்வது 1972 வனவிலங்கு பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். பயிர் சேதமானால் வனத்துறையிடம் புகார் செய்து இழப்பீடு கேட்கலாம்.